திறக்கும் சுவர்களும் இல்லாத சுவர்களும்

சுறேன் திறந்தவெளிப் பாடசாலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கட்டிடக்கலை பற்றி எழுத எமக்கு என்ன தகுதி என்று கேட்கப்படலாம். நாம் கட்டிடக் கலைஞர் அல்லர். பல்கலைக்கழகப் படிப்பையே இடையில் விட்டு வந்தவர்கள். பகலில் பாதியும் இரவில் பாதியும் ஒரு ரெஸ்ரோறனின் நிலக்கீழ்ச் சமையலறையில் கழிகிறது. ஆயினும் கட்டிடங்களை எம்மைப்போல் உடம்பால் அறிந்தவர்கள் குறைவு என்றே சொல்லத் தோன்றுகிறது. பாடசாலை மண்டபங்களில் உறங்கியிருக்கிறோம். கோயில் வீதியில் கல்லடுக்கிச் சமைத்திருக்கிறோம். தறப்பாள் கூடாரத்தில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறோம். வந்த நாட்டில் ஒரு சிறிய அறைக்குள் ஆறுபேர் முறைவைத்துப் படுத்திருக்கிறோம். ஒரு சுவர் எங்கே நிற்கிறது, ஒரு கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பவை எமக்கு வெறும் அழகியல் பிரச்சினைகள் அல்ல.

இந்தக் குறிப்புகள் ஒரு சிறுவர் பாடசாலையைப் பற்றியவை. பாரிசின் மேற்குப் புறநகரான சுறேனில், மொன் வலேரியன் குன்றின் சரிவில், 1930களின் முற்பகுதியில் கட்டப்பட்டு 1935-இல் நிறைவுபெற்ற திறந்தவெளிப் பாடசாலை அது. கட்டியவர்கள் எஜென் போதுவன், மார்செல் லோட்ஸ் என்ற இரு கட்டிடக் கலைஞர்கள். கட்டுவித்தவர் அன்றைய நகரபிதா ஆன்றி செலியே. ஐரோப்பிய நவீனத்துவக் கட்டிடக்கலை சிறுபிள்ளைகளுக்காகச் செய்தவற்றுள் மிகத் துணிச்சலானது எதுவென்று எம்மைக் கேட்டால் இதனையே சொல்வோம். அந்தக் கட்டிடக்கலை தன்மீது கொண்டிருந்த அளவுகடந்த நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்தவும் இதைவிடப் பொருத்தமான உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டு. நண்பர் ஒருவருடன் சென் லசார் நிலையத்தில் புகைவண்டியேறி சுறேன் - மொன் வலேரியனில் இறங்கினோம். பாடசாலையை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். மிகுதியை நூலகத்துப் புத்தகங்களிலுள்ள பழைய படங்களில் பார்த்திருந்தோம். நண்பரும் எம்மைப்போல் சமையலறைத் தொழிலாளி. படங்களைப் புரட்டியபோது அவர் கேட்ட முதற் கேள்வி: "வெயிலுக்கு இது சரி. பனிக்கு என்ன செய்தவங்கள்?"

கட்டிடக்கலை விமர்சகர்கள் பலர் கேட்காத கேள்வி இது. இதிலிருந்தே தொடங்கலாம்.

2

பனியில் என்ன செய்தார்கள் என்பதை அறிய, அந்தக் கண்ணாடிச் சுவர்கள் ஏன் வந்தன என்று முதலில் அறிய வேண்டும். காரணம் அழகல்ல, சயரோகம்.

சயரோகக் கிருமியை றொபேர்ட் கொக் 1882-இல் கண்டுபிடித்தார். அதைக் கொல்லும் மருந்தோ 1940களில்தான் வந்தது. ஸ்ரெப்ரோமைசின் கண்டறியப்பட்டது 1943-இல். இடைப்பட்ட அறுபது ஆண்டுகள் மருத்துவம் தன் எதிரியை அறிந்திருந்தும் கையில் ஆயுதமின்றி நின்ற காலம். நல்ல காற்று, வெயில், ஊட்டமான சாப்பாடு, ஓய்வு என்பவையே சிகிச்சையாக இருந்தன. தொழிலாளர் குடியிருப்புகளில் இவை நான்குமே கிடையாது. ஆகவே நோயாளரை மலைப்பக்கத்துச் சனற்றோறியங்களுக்கு அனுப்பினார்கள். நோய் முற்றாத, ஆனால் மெலிந்து வெளிறிய பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததே திறந்தவெளிப் பாடசாலை. 1904-இல் பேர்லினுக்கு அருகே சார்லொட்டன்பேர்க்கில், காட்டின் நடுவே முதலாவது தொடங்கப்பட்டது. பின் அது ஐரோப்பா எங்கும் பரவியது.

நவீனத்துவக் கட்டிடக்கலையின் வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, நீண்ட யன்னல், வெயில் காயும் மேல்தளம் ஆகியவற்றை இயந்திர யுகத்தின் அழகு என்று மட்டுமே பலர் எழுதுகிறார்கள். அவற்றின் ஒரு வேர் நோயாளர் விடுதியில் இருக்கிறது. ஒல்லாந்தரான யான் டௌகர் 1928-இல் ஹில்வர்சுமில் சயரோகத் தொழிலாளருக்கான சனற்றோறியத்தைக் கட்டினார். 1930-இல் அம்ஸ்ரர்டாமில் திறந்தவெளிப் பாடசாலையைக் கட்டினார். ஒரே கை, ஒரே இலக்கணம். கொங்கிறீற், கண்ணாடி, வெளிச்சம் என்ற மூன்றும் அவருக்கு மருந்துச் சீட்டிலுள்ள பெயர்கள் போலவே இருந்தன.

சுறேன் அன்று தொழிற்சாலைகளின் ஊர். சேன் நதிக்கரையில் மோட்டார் வாகனம், விமானம், வாசனைத் திரவியம் செய்யும் ஆலைகள் நின்றன. செலியே ஒரு சோசலிசவாதி. 1919-இல் நகரபிதாவானார். சேன் மாவட்டத்தின் மலிவு வாடகை வீடமைப்பு நிறுவனத்தை நடத்தியவரும் அவரே. 1936-இல் மக்கள் முன்னணி அரசில் சுகாதார அமைச்சரானார். வீடு, பாடசாலை, மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒரே பிரச்சினையாகப் பார்த்த மனிதர். தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைக்கும் பாடசாலை பணக்காரனின் பிள்ளைக்குக் கிடைப்பதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று கருதி, அதற்குப் பணமும் ஒதுக்கிய அரசியல்வாதிகள் எந்த நாட்டிலும் அதிகமில்லை. அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

3

இனி கட்டிடம்.

வடக்குப் பக்கத்தில், குளிர்காற்றை மறித்துக்கொண்டு ஒரு நீண்ட பிரதான கட்டிடம். சாப்பாட்டறை, குளிப்பறை, மருத்துவ அறை போன்றவை அங்கே. அதன் முன்னே சரிவான பூங்கா. பூங்காவில் எட்டு வகுப்பறைகள், ஒன்றிலிருந்து ஒன்று விலகி, தனித்தனிச் சிறு மண்டபங்களாக நிற்கின்றன. அவற்றைக் கூரையிட்ட நடைபாதைகள் இணைக்கின்றன. மாடிப்படிகளுக்குப் பதிலாகச் சாய்தளங்கள். மூச்சிரைக்கும் பிள்ளை படியேறக் கூடாது என்பதற்காக.

ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரே பக்கந்தான் நிலையான சுவர். மற்ற மூன்று பக்கமும் கண்ணாடி. அந்தக் கண்ணாடிச் சுவர்கள் மடிப்பு மடிப்பாக ஒதுங்கக் கூடியவை. ஒதுக்கிவிட்டால் வகுப்பறையில் கூரையும் தூண்களும் கரும்பலகையும் மட்டுமே மிஞ்சும். பிள்ளைகள் புல்வெளியில் இருப்பது போலவே இருப்பார்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? பழைய கட்டிடத்தில் கூரையின் பாரத்தைச் சுவர் தாங்குகிறது. சுவரை எடுத்தால் கூரை விழும். இங்கே பாரம் முழுவதையும் மெல்லிய உருக்குத் தூண்கள் தாங்குகின்றன. சுவருக்கு எந்தப் பாரமும் இல்லை. பாரமில்லாத சுவரை மடிக்கலாம், ஒதுக்கலாம். நவீனத்துவக் கட்டிடக்கலையின் கண்டுபிடிப்பை ஒரு வரியில் சொல்வதென்றால் இதுதான். ஆனால் இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு பெரும்பாலானோர் செய்தது, அசைக்க முடியாத கண்ணாடிகளைப் பூட்டியதே. அந்தச் சுதந்திரத்தை ஒரு பிள்ளையின் மூச்சுக்காகப் பயன்படுத்தியவர்கள் சிலர்தான்.

நண்பரின் கேள்விக்கும் இங்கே பதிலுண்டு. சூடாக்கும் குழாய்களைத் தரைக்குள் பதித்தார்கள். சுவர் திறந்திருந்தாலும் பிள்ளையின் காலடியில் வெப்பம் இருக்கும். "அப்ப எரிபொருள் காசு?" என்று அவர் மறுபடி கேட்டார். அதுவும் நியாயமான கேள்வி. திறந்த வகுப்பறையைச் சூடாக்குவது செலவு. ஒற்றைக் கண்ணாடியும் உருக்குச் சட்டமும் ஓயாத பராமரிப்புக் கேட்பவை. செலவழிக்க விருப்பமுள்ள ஒரு நகரசபை இருக்கும்வரை இந்தக் கட்டிடம் உயிரோடிருக்கும். விருப்பம் போனால் துருப்பிடிக்கும். கல்லால் கட்டிய பழைய பாடசாலை அலட்சியத்தைத் தாங்கும், இது தாங்காது. இதனைக் கட்டிடத்தின் குறை என்று சொல்வதா, சமூகத்தின் குறை என்று சொல்வதா? இரண்டும்தான்.

முற்றத்திலே ஒரு பெரிய பூகோள உருண்டை. அதைச் சுற்றி ஏறும் சாய்தளம் ஒன்று. பிள்ளைகள் நடந்தபடியே உலகைச் சுற்றிவரலாம். புவியியலைக் கால்களால் கற்பிக்கும் இந்த யோசனை எமக்குப் பெரிதும் பிடித்தது. ஆனால் 1935-இல் அந்த உருண்டையின் பெரும்பகுதி யாருடையதாக இருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1931-இல்தான் பாரிசின் வன்சென் காட்டில் குடியேற்ற நாடுகளின் பெருங்கண்காட்சி நடந்தது. சுறேன் பிள்ளை அந்த உருண்டையைச் சுற்றி நடந்தபோது இலங்கை பிரித்தானியரின் சொத்து, புதுச்சேரி பிரான்சின் சொத்து. வெளிச்சமும் காற்றும் எல்லோருக்கும் என்று சொன்ன நவீனத்துவத்தின் 'எல்லோர்' எவ்வளவு சிறிய வட்டம் என்பதற்கு அந்த உருண்டையே சாட்சி.

இன்னொரு விமர்சனமும் உண்டு. மிஷேல் பூக்கோ 1975-இல் எழுதிய தண்டனை பற்றிய நூலில், பாடசாலை, மருத்துவமனை, படைமுகாம், சிறை ஆகிய நான்கும் ஒன்றையொன்று ஏன் ஒத்திருக்கின்றன என்று கேட்டார். சுறேனில் பாடசாலையும் மருத்துவமனையும் உண்மையிலேயே ஒன்றாகிவிட்டன. பிள்ளை எப்போது வெயிலில் கிடக்க வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஒரு நேர அட்டவணை. பழைய படங்களில் பிள்ளைகள் சாய்வுக் கதிரைகளில் வரிசை வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். அந்த வரிசையைப் பார்க்கையில் எமக்குச் சற்று நெருடுகிறது. கார்ட் பெறுமுன் எம்மையும் வரிசையில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சை எக்ஸ்-ரே எடுத்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் தேடியதும் இதே நோயைத்தான். சுவாசப்பை சுத்தமானது என்று நிறுவிய பின்பே எமக்கு வதிவிடம் கிடைத்தது.

சுறேன் பிள்ளை கட்டிடத்தின் மத்தியில் இருக்கிறது. ஆனால் நோயாளியாக இருக்கிறது. சுவரை ஒதுக்குவது ஆசிரியர், ஒதுக்கச் சொல்வது வைத்தியர். பிள்ளை தானாக எதையும் மாற்றுவதில்லை. இந்த வேறுபாட்டை உணர, ஒரு தலைமுறை கழித்து ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் ஹேர்மன் ஹேர்ட்ஸ்பேர்கர் கட்டிய மொன்ரிசோரிப் பாடசாலையைப் பார்க்க வேண்டும். அதன் முதற்பகுதி 1966-இல் முடிந்தது. அங்கே மண்டபத்தின் நடுவே கல்லால் கட்டிய ஒரு தாழ்ந்த மேடை. பிள்ளைகள் அதில் இருக்கிறார்கள், ஏறுகிறார்கள், அதையே நாடக மேடையாக்குகிறார்கள். சிறுவர் பகுதியில் தரையில் ஒரு சதுரப் பள்ளம். அதற்குள் மரக்கட்டைகள் அடுக்கியிருக்கும். பிள்ளைகள் அவற்றை வெளியே எடுத்து இருக்கைகளாக்கலாம், பள்ளத்துக்குள் இறங்கி வட்டமாக இருக்கலாம். என்ன செய்வதென்று பிள்ளையே தீர்மானிக்கிறது. கண்ணாடியில்லை, பெருந்தொழில்நுட்பமில்லை. சுறேனின் துணிச்சலுக்கு டெல்ஃப்றின் இந்தப் பணிவும் சேர்ந்திருக்குமானால் என்று நினைத்துக்கொண்டோம்.

4

எம்மவர் ஒருவர் இந்தப் படங்களைப் பார்த்தால் சிரிக்கவும் கூடும். திறந்தவெளி வகுப்பறையைக் கண்டுபிடிக்க ஐரோப்பியருக்கு 1904 வரை ஆகிற்றா? எமது ஊர்ப் பாடசாலைகள் எப்போதும் அப்படித்தானே இருந்தன? நீண்ட மண்டபம், ஓட்டுக்கூரை, அரைச்சுவர். சுவருக்கு மேலே காற்று, வேப்பமரம், காகம். இரண்டாம் வகுப்பின் வாய்பாடும் மூன்றாம் வகுப்பின் தேவாரமும் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும். கிணற்றடி, மணல் முற்றம். வெப்ப நாட்டின் பாடசாலைக்கு வேண்டிய நிழலும் காற்றும் அதில் இருந்தன. பெயர் தெரியாத மேசன்மார் கட்டிய அறிவு அது.

இந்தப் பெருமிதத்தில் உண்மையுண்டு. ஆனால் அதில் நின்றுவிடுவது ஆபத்து. புகலிடத்தில் எமக்குப் பழகிப்போன நோய் ஒன்றிருக்கிறது. இங்கே எதைக் கண்டாலும் 'இது எங்களிடம் எப்போதோ இருந்தது' என்று சொல்லித் திருப்திப்படுவது. இருந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. எப்படி இருந்தது, யார் தெரிவு செய்ததால் இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

அரைச்சுவர் எல்லாக் காலத்திலும் காலநிலைக்கான தீர்வாக இருக்கவில்லை. பல இடங்களில் முழுச்சுவர் கட்டப் பணமில்லை என்பதே அதன் பொருள். மாரியில் தூவானம் அடிக்கும்போது வாங்குகளை நடுவுக்கு இழுத்துக்கொண்டு நனைந்த கொப்பிகளோடு இருந்தவர்களுக்கு இது தெரியும். வகுப்புகளுக்கிடையே தடுப்பில்லாததை சமூக உணர்வு என்று போற்றலாம். பின் வாங்கில் இருந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் கேட்கவில்லை என்பதும் உண்மை. சுறேனில் ஒவ்வொரு வகுப்பும் தனி மண்டபமாகப் புல்வெளிக்கு நடுவே நிற்பதால் எல்லாச் சுவரையும் திறந்தாலும் அடுத்த வகுப்பின் சத்தம் வருவதில்லை. அந்த இடைவெளிக்கு நிலம் வேண்டும். நிலம் வாங்க நகரசபை வேண்டும்.

நிலமில்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு டௌகரின் அம்ஸ்ரர்டாம் பாடசாலை பதில் சொல்கிறது. அவர் வகுப்புகளை மாடிமேல் மாடியாக அடுக்கினார். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு உள்வகுப்புகள், தெற்கு மூலையில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு திறந்த வகுப்பு. தூண்களை மூலைகளில் நிறுத்தாமல் பக்கங்களின் நடுவில் நிறுத்தியதால் மூலைகள் காற்றுக்குத் திறந்தன. அந்தப் பாடசாலையைத் தெருவோரம் கட்ட அயலவர் விடவில்லை. இறுதியில் அது வீட்டுத்தொகுதியின் உள்முற்றத்தில் போய் நின்றது. பிள்ளைகளுக்கு வெயில் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எமது தெருவில் வேண்டாம் என்பார்கள். புறநகர்களில் எமக்கு இது பழகிய கதைதான்.

எம்மில் 1995-இல் ஏழெட்டு வயதாக இருந்தவர்களுக்கு வேறொரு திறந்தவெளிப் பாடசாலையும் தெரியும். அந்த ஆண்டு செப்ரெம்பர் 22-இல் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மேல் விமானம் குண்டு போட்டது. மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்ரோபர் 30-இல் வலிகாமமே எழுந்து நடந்தது. அதன்பின் தென்மராட்சியிலும் வன்னியிலும் மரங்களின் கீழ் வகுப்புகள் நடந்தன. கரும்பலகையை அடிமரத்தில் சாத்தி, உரப்பையை விரித்து, அதில் இருந்து படித்தோம். காற்று இருந்தது, வெயில் இருந்தது. சார்லொட்டன்பேர்க்கின் வைத்தியர்கள் கேட்டவை எல்லாமே இருந்தன. விமானச் சத்தம் கேட்டால் எங்கே ஓடுவது என்ற பதில் மட்டும் இல்லை.

ஆகவே எமது வாதம் இதுதான்: திறக்கும் சுவர் வேறு, இல்லாத சுவர் வேறு. இரண்டும் படத்தில் ஒன்றுபோலத் தெரியலாம். கூரையும் தூணும் மரமும் பிள்ளைகளும் தெரியும். ஒன்றில் பிள்ளைக்காக ஒருவர் சுவரைத் திறந்திருக்கிறார், மழை வந்தால் மூடுவார். மற்றதில் மூடுவதற்கு எதுவுமில்லை. திறந்தவெளியின் மதிப்பு அதை மூடக்கூடிய ஆற்றலில் இருக்கிறது. மரத்தடி வகுப்பைப் பற்றிய இனிய நினைவுக் கட்டுரைகள் எம்மிடையே பெருகிவருகின்றன. அவற்றை எழுதுவோர் இந்த வேறுபாட்டை மறக்காதிருப்பது நல்லது.

5

இதுவரை சொன்னதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு பாராட்டுக் கட்டுரையாகவே முடிந்திருக்கும். ஆனால் போதுவனும் லோட்ஸும் அதே ஆண்டுகளில், அதே செலியேயின் வீடமைப்பு நிறுவனத்துக்காக, பாரிசின் மறுபக்கத்தில் இன்னொன்றையும் கட்டினார்கள். அதன் பெயர் சித்தே தெ லா முயேற். ஊரின் பெயர் திறான்சி.

திறான்சியையும் பக்கத்துப் பொபினியையும் லா கூர்னேவையும் எம்மவருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எமது உறவினர் வாழும் ஊர்கள் அவை. பிறந்தநாள் விழாவுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் நாம் போய்வரும் வழியில் அந்தக் கட்டிடம் நிற்கிறது. பலர் அதனை இன்னொரு தொடர்மாடி என்றே எண்ணிக் கடந்துபோகிறார்கள்.

1931-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஐந்து உயர்ந்த கோபுரங்களும் அவற்றோடு சேர்ந்த தாழ்ந்த தொகுதிகளும் இருந்தன. பிரான்சின் முதல் உயர் குடியிருப்புகளில் அவை அடங்கும். செய்முறை சுறேனில் கண்டதேதான்: உருக்குச் சட்டகம், ஆலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் கொங்கிறீற் பலகைகள். நோக்கமும் அதுவே: தொழிலாளருக்கு மலிவாக வெளிச்சமும் சுகாதாரமும் உள்ள வீடு. பொருளாதார நெருக்கடியில் வேலை முடங்கியது. குடிவரவும் ஆட்கள் போதவில்லை. 'ப' வடிவிலான நான்கு மாடித் தொகுதி முடிவுறாமலே நின்றது.

மூன்று பக்கம் கட்டிடம், நடுவே நீண்ட முற்றம், நான்காவது பக்கம் திறப்பு. குழந்தைகள் விளையாட வெளிச்சமான பொது முற்றமாகச் சிந்திக்கப்பட்ட வடிவம் அது. 1941 ஓகஸ்டில் அந்த நான்காவது பக்கத்தை முட்கம்பியால் அடைத்தார்கள். அவ்வளவுதான், முகாம் தயார். யூதர்களை அங்கே அடைத்தார்கள். காவல் காத்தவர்கள் பிரெஞ்சுக் காவற்படையினர். 1942 மார்ச் முதல் 1944 ஓகஸ்ட் வரை ஏறத்தாழ 63,000 பேர் திறான்சியிலிருந்து நாடுகடத்தப்பட்டனர். பெரும்பாலானோர் சென்றது அவுஷ்விற்சுக்கு. 1942 ஜூலையில் பாரிசில் நடந்த பெருஞ்சுற்றிவளைப்பில் 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பூச்சுக்கூட முடியாத அந்த அறைகளில் வைக்கோல் மெத்தைகளில் கிடந்து, பின் வண்டியேற்றப்பட்டார்கள்.

ஒரே இரண்டு கலைஞர்கள். ஒரே காலம். ஒரே உருக்கு, ஒரே கொங்கிறீற் பலகை. ஒன்றில் மெலிந்த பிள்ளைகளுக்காகச் சுவர் மடிந்தது. மற்றதில் பிள்ளைகளைச் சுற்றி முட்கம்பி எழுந்தது.

இதற்காகக் கலைஞர்களைக் குற்றவாளிகளாக்க முடியாது. செலியேயையும் முடியாது. அவரை 1941-இல் விஷி அரசு பதவிநீக்கியது. 1943-இல் அவர் இறந்துபோனார். குற்றம் செய்தவர்கள் வேறு. ஆனால் நல்ல வடிவம் நல்ல சமூகத்தை உண்டாக்கும் என்ற நவீனத்துவ நம்பிக்கை திறான்சியைக் கடந்து உயிரோடிருக்க முடியுமா? அந்த முற்றம் பிள்ளைகளின் விளையாட்டுக்கு எவ்வளவு பொருத்தமோ, அவ்வளவு பொருத்தம் காவலருக்கும். எல்லாரையும் ஒரே பார்வையில் காணலாம். வடிவம் தன்னை ஆளவந்தவனை எதிர்க்கவில்லை.

சுறேன் பாடசாலையும் தப்பித்த இடமல்ல. அதே குன்றின் மேலுள்ள மொன் வலேரியன் கோட்டையில் 1941-க்கும் 1944-க்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஜேர்மனியர் சுட்டுக் கொன்றார்கள். 1944 பெப்ரவரி 21-இல் மிசாக் மனூசியானும் அவருடைய தோழர்களுமாக 22 பேர் அங்கே சுடப்பட்டனர். பெரும்பாலானோர் வெளிநாட்டவர். மனூசியான் ஆர்மீனிய அகதி, தொழிற்சாலையில் வேலைசெய்தவர், கவிதை எழுதியவர். அவரைப் பிரான்ஸ் தனது பந்தெயோனில் வைக்க 2024 வரை, எண்பது ஆண்டுகள், ஆயிற்று.

இதையெல்லாம் ஏன் ஒரு பாடசாலைக் கட்டிட விமர்சனத்தில் சேர்க்கிறோம் என்று கேட்கலாம். நாம் பாடசாலைகள் முகாம்களாவதைக் கண்டவர்கள். எறிகணை விழுந்தால் சனம் முதலில் ஓடுவது பாடசாலைக்கும் கோயிலுக்கும். 2009-இல் வவுனியாப் பாடசாலைகளில் முட்கம்பிக்குள்ளே அடைக்கப்பட்டவர்களும் எம்மில் இருக்கிறார்கள். கரும்பலகையில் முந்திய நாள் பாடம் அழியாமல் இருக்க, அதன் கீழே பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு, பாடசாலைக்கும் முகாமுக்கும் இடையே உள்ளது ஒரு சுருள் முட்கம்பி மட்டுமே என்பது தெரியும்.

6

போருக்குப் பின் மருந்து வந்தது. சயரோகம் பின்வாங்கியது. திறந்தவெளிப் பாடசாலைகளுக்குத் தேவை குறைந்தது. சுறேன் வளாகத்துக்குப் பின்னாளில் விசேட தேவையுள்ள பிள்ளைகளின் ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனம் வந்து சேர்ந்தது. மூச்சிரைக்கும் பிள்ளைக்காகப் போட்ட சாய்தளங்கள் சக்கர நாற்காலிக்கும் பொருந்தின. 2002-இல் பாடசாலை வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்தப்பட்டது. லா முயேற்றின் கோபுரங்கள் 1976-இல் இடிக்கப்பட்டன. 'ப' வடிவத் தொகுதி இன்றும் நிற்கிறது. 2001-இல் அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாயிற்று. எதிரே 2012-இல் நினைவகம் திறந்தார்கள். உள்ளே இப்போதும் ஏழைகள் வாடகைக்கு வாழ்கிறார்கள்.

சுறேனில் தொடங்கிய 'ஆலையில் செய்து பொருத்துதல்' வேறு வழியில் போயிற்று. 1960களில் பிள்ளைத்தொகை பெருகியபோது பிரெஞ்சு அரசு விரைவாகவும் மலிவாகவும் பாடசாலைகளைப் பொருத்தத் தொடங்கியது. செய்முறை தங்கியது, செலவழிக்கும் மனம் தங்கவில்லை. 1973 பெப்ரவரி 6-இல் பாரிஸ் 19ஆம் வட்டாரத்தில் எதுவார் பயேரோன் என்ற இடைநிலைப் பாடசாலை தீப்பிடித்தது. தீயை மூட்டியவர்கள் மாணவர்கள்தான். ஆனால் உலோகச் சட்டகத்தில் அவசரமாகப் பொருத்திய அந்தக் கட்டிடம் நிமிடங்களில் சரிந்தது. 20 பேர் இறந்தார்கள், அவர்களில் 16 பேர் பிள்ளைகள். சுறேனிலிருந்து அங்குவரை நாற்பது ஆண்டுகள்கூட இல்லை.

அப்படியானால் கட்டிடம் எதையும் செய்வதில்லை, எல்லாம் அரசியல்தான் என்று முடித்துவிடலாமா? எமது இளம்பருவத்தில் அப்படித்தான் முடித்திருப்போம். இப்போது அப்படிச் சொல்லத் துணிவில்லை. யன்னலில்லாத சமையலறையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு மேலே ஏறி வரும்போது முகத்தில் படும் காற்று எவ்வளவு பெரிய விடயம் என்பது எமக்குத் தெரியும். வெளிச்சம் அரசியலுக்குப் பதிலாகாது. ஆனால் வெளிச்சம் யாருக்குக் கிடைக்கிறது என்பது அரசியல்தான். செலியே அதை அறிந்திருந்தார். அவருடைய கலைஞர்கள், சிறந்த கண்ணாடியைச் செய்துவிட்டால் மிகுதி தானே நடக்கும் என்று நம்பினார்கள். அங்கேதான் தவறினார்கள்.

எமது பிள்ளைகள் இன்று இந்தப் புறநகர்களின் பாடசாலைகளில் படிக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் நாம் கேட்பது புள்ளிகளைப் பற்றி மட்டுமே. வேலைக்குப் போகும் அவசரத்தில் அதையும் முழுதாய்க் கேட்பதில்லை. வகுப்பறையின் யன்னல் திறக்குமா, முற்றத்தில் நிழல் உண்டா, மலசலகூடத்துக்குக் கதவு பூட்டுமா, ஏறமுடியாத பிள்ளைக்குச் சாய்தளம் உண்டா என்று கேட்டால் மொழி தெரியாதவன் ஏதோ பிதற்றுகிறான் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். 1935-இல் ஒரு நகரசபை இந்தக் கேள்விகளையெல்லாம் தொழிலாளியின் பிள்ளைக்காகத் தானாகவே கேட்டுக்கொண்டது. தொழிலாளிகளான நாம் அவற்றைக் கேட்கக் கூச வேண்டியதில்லை.

திரும்பும்போது நண்பர் வேலியோரம் நின்று இன்னொருமுறை பார்த்தார். பிறகு, "மடிக்கிற சுவர் நல்ல யோசனைதான். ஆனா திறப்பு ஆரிட்ட இருந்தது?" என்றார். ஆறு மணிக்கு அவருக்கு வேலை இருந்தது. புகைவண்டி நிலையத்துக்கு இறங்கி நடந்தோம்.